வண்டி சூடாகுதா? முதல்ல எந்தத் தண்ணி ஊத்துறீங்கன்னு சொல்லுங்க

பதிவு எழுதி மூணு மாசம் ஆச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்தான். ஆனா அது மட்டும்தான் காரணம்னு சொன்னா பொய். எழுத உட்கார்ந்தா இந்த வண்டி மேட்டர்தான் முன்னாடி வந்து நிக்குது. அதை எழுதினா அப்பாகிட்ட நான் வாங்கின பல்பையும் சேர்த்து எழுதணும். சரி, இன்னைக்கு எழுதிடறேன்.

முன்கதைச் சுருக்கம்: நான் படிச்சது மெக்கானிக்கல். பார்க்கிறது பெங்களூர்ல பொட்டி தட்டுற வேலை. ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பரை ரெண்டாவது தடவைதான் பாஸ் பண்ணினேன். ஆனாலும் ஊருக்குப் போனா நான் இன்னும் "மெக்கானிக்கல் படிச்ச புள்ள". பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடலைன்னாலும் என்கிட்டதான் வரும்.

அப்பா ஆம்பூர்ல ஒரு டேனரியில முப்பத்தோரு வருஷம் பாய்லர் பார்த்தவர். சர்டிபிகேட் வாங்கின பாய்லர் அட்டெண்டன்ட். 2017-ல ரிட்டயர் ஆனப்போ கைக்கு வந்த காசுல செகண்ட் ஹேண்டா ஒரு சின்ன கார் வாங்கினார். 2014 மாடல், பெட்ரோல். டெம்பரேச்சர் முள்ளெல்லாம் கிடையாது. இஞ்சின் ஜில்லுன்னு இருந்தா நீல லைட், கொதிச்சா சிவப்பு லைட், அவ்வளவுதான். மார்க்கெட், கோயில், தங்கச்சி வீடு. எல்லாமே ஊருக்குள்ள அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம்.

போன டிசம்பர்ல ஊருக்குப் போனப்போ அப்பா சொன்னார்: "மைலேஜே குடுக்கலடா. பதினேழு குடுத்துகினு இருந்த வண்டி, இப்போ பதிமூணரை. பெட்ரோல்ல எத்தனாலைக் கலக்குறான் இல்ல, அதான்."

எத்தனாலால மைலேஜ் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனா இவ்வளவு குறையாது. டேஷ்போர்டுல செக் இஞ்சின் லைட் வேற மஞ்சளா எரிஞ்சுகிட்டிருந்தது. "அது ரெண்டு மூணு வருஷமா எரியுது, ஒண்ணும் பண்ணாது"ன்னார். பொட்டி தட்டுறவன்கிட்ட இப்படி ஒரு வார்த்தை சொன்னா சும்மா இருப்பானா? ஆன்லைன்ல ஒரு ஓபிடி ரீடர் வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழ சொருகி, போன்ல ப்ளூடூத்ல பிடிச்சேன்.

கூலன்ட் டெம்பரேச்சர்: மைனஸ் 40 டிகிரி.

ஆம்பூர்ல மைனஸ் நாற்பது! பிரியாணி அண்டா வச்சிருக்கிற அண்ணன்கள்லாம் ஸ்வெட்டர் போட்டுகிட்டு நிக்கிற மாதிரி ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தேன் :-)

விஷயம் சிம்பிள். வண்டியோட கம்ப்யூட்டர் கூலன்ட் சூட்டை ஒரே ஒரு பைட்ல அனுப்பும். 0-ல இருந்து 255 வரைக்கும் ஒரு எண். அதுல 40-ஐக் கழிச்சா டிகிரி செல்சியஸ். அப்போ மைனஸ் 40-ன்னா வந்த பைட் வெறும் பூஜ்யம். அந்த சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் குறையும், குளிர்ந்தா கூடும். வயர் கழண்டுட்டா ரெசிஸ்டன்ஸ் முடிவிலி. கம்ப்யூட்டர் அதைப் பயங்கரக் குளிர்னு எடுத்துக்கும். பானட்டைத் திறந்து பார்த்தா சென்சார் கனெக்டர் லூஸ். அழுத்தி மாட்டினதும் 31 டிகிரின்னு சமர்த்தா காட்டிச்சு. முதல் பாடம்: எண்ணைப் பார்த்ததும் நம்பாதே, அது எங்கே இருந்து வருதுன்னு பாரு.

அடுத்து ஒரு ரவுண்டு ஓட்டினேன். இருபது நிமிஷம் ஆகியும் 64 டிகிரியைத் தாண்டலை. நியாயமா பத்து நிமிஷத்துல 85 பக்கம் வந்து அங்கேயே நிக்கணும். கோடும் அதைத்தான் சொல்லிச்சு: பி0128, அதாவது தெர்மோஸ்டாட் வைக்க வேண்டிய சூட்டை இஞ்சின் எட்டவே இல்லை. பைபாஸ் ஓரத்து ஷெட்டுக்குக் கொண்டு போய்க் கழட்டச் சொன்னேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, வெறும் கூடு!

"இன்னா தம்பி, இது தெரியாதா? 2018-ல ஒரு வாட்டி கொதிச்சிருச்சுன்னு உங்கப்பா கொண்டாந்தாரு. நான்தான் கழட்டிப் போட்டேன். நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?"ன்னார் மெக்கானிக் அண்ணன்.

இதை நீங்களும் கேட்டிருப்பீங்க. தமிழ்நாட்டுல பாதி ஷெட்டுல இது ஒரு வைத்தியம். தெர்மோஸ்டாட்ங்கிறது உள்ளே மெழுகு வச்ச ஒரு வால்வு. இஞ்சின் குளிரா இருக்கிறப்போ ரேடியேட்டருக்குப் போற வழியை மூடி வைக்கும். 82, 88 டிகிரி மாதிரி ஒரு சூட்டுல மெழுகு உருகி விரிஞ்சு வழி திறக்கும். அதைக் கழட்டினா இஞ்சின் சூடே ஏறாது. கம்ப்யூட்டர் "இன்னும் வார்ம்-அப் ஆகலை போல"ன்னு பெட்ரோலை அள்ளி ஊத்தும். மைலேஜ் போச்சு. பாவம், எத்தனால் மேல பழி.

புது தெர்மோஸ்டாட் போட்டு, பழைய தண்ணியை வடிச்சு, பச்சைக் கலர் கூலன்ட் ஊத்தினோம். ஓட்டிப் பார்த்தா 88, 89, 88. கிராஃப் போட்டா கோடு மாதிரி நேரா நிக்குது. அப்பாகிட்ட போனைக் காட்டி அரைமணி நேரம் கிளாஸ் எடுத்தேன். அவர் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, "அப்போ 2018-ல ஏன்டா கொதிச்சுது?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தெர்மோஸ்டாட் மூடினபடியே ஸ்டக் ஆகியிருக்கும்பா"ன்னேன். பார்க்காமலே சொன்ன பதில். இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

மே மாசம், கத்திரி வெயில். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு வேலூர்ல செக்கப், பத்தரைக்கு அப்பாயிண்ட்மெண்ட். நான், அப்பா, அம்மா, சித்தின்னு நாலு பேர். ஏசி போட்டாச்சு. என்எச் 48-ல ஏறி 95-ல போறோம். ஆம்பூர்ல இருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். போன் ஸ்டாண்டுல நம்பர் ஓடுது. 90. 93. மாதனூர் வர்றதுக்குள்ள 101. "ஹைவேன்னா கொஞ்சம் ஏறும்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். 104. 108.

அங்கேயே நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை. மணி ஒன்பதே முக்கால், அப்பாயிண்ட்மெண்ட் போயிடும்னு பயம். ஏசியை அணைச்சுட்டு, எங்கேயோ படிச்ச டெக்னிக்கைச் செஞ்சேன்: கண்ணாடியை எல்லாம் இறக்கி, ஹீட்டரை ஃபுல்லா வச்சேன். ஹீட்டர்னா தனியா ஒண்ணும் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டர். இஞ்சின் சூட்டைக் கொஞ்சம் அது வழியா வெளியே தள்ளலாம். மே மாசம், கண்ல கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மா, முகத்துல அனல் காத்து. சித்தி திட்டினதை இங்கே எழுத முடியாது.

109, 107, மறுபடி 112. அப்புறம் திடீர்னு 95. அடுத்து 91.

"பாத்தீங்களாப்பா, இறங்கிடுச்சு!"

அப்பா நம்பரைப் பார்க்கவே இல்லை. ஹீட்டர் வென்ட்ல கையை வச்சுப் பார்த்துகிட்டிருந்தார். "சூடு வரலடா. காத்து ஜில்லுன்னு வருது. தண்ணி போயிருச்சு. ஓரங்கட்டு. தீயை நிறுத்து."

தீயை நிறுத்துன்னார், இஞ்சினை இல்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம்.

அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. கூலன்ட் கொதிச்சு வழிஞ்சு மட்டம் இறங்கிடுச்சு. சென்சார் தண்ணியில முங்கி இருந்தாத்தான் தண்ணியோட சூட்டைச் சொல்லும். தண்ணி இறங்கினப்புறம் அது காத்துலயும் ஆவியிலயும் தொங்குது. இஞ்சின் வெந்துகிட்டிருக்கும்போதே நம்பர் இறங்குது. ஹீட்டருக்குத் தண்ணி போகாததால அங்கே காத்து ஜில்லுன்னு வருது. இஞ்சின் சூடா இருக்கிறப்போ ஹீட்டர் குளிர்ந்தா சந்தோஷப்படக்கூடாது, பயப்படணும். இதை எனக்குச் சொன்னது ஆப் இல்லை.

இறங்கினேன். பானட்டுக்குள்ள இருந்து ஆவி. கையில ஒரு துண்டும் தண்ணி பாட்டிலும் எடுத்துகிட்டு ரேடியேட்டர் மூடிகிட்ட போறேன், அப்பா மணிக்கட்டைப் பிடிச்சுட்டார். வலிக்கிற அளவுக்குப் பிடி.

"பாய்லர்ல கண்ணாடிக் குழாய்ல தண்ணி தெரியலைன்னா என்னா பண்ணுவோம் தெரியுமா? தீயை நிறுத்துவோம். தண்ணி விட மாட்டோம். காய்ஞ்ச இரும்புல பச்சத்தண்ணி விட்டா என்னா ஆவும்? ஒரு மணி நேரம் கை வைக்காதே."

ரெண்டு தப்பை ஒரே நேரத்துல பண்ண இருந்தேன். ரேடியேட்டர் மூடி சும்மா மூடி இல்லை, அது ஒரு பிரஷர் வால்வு. உள்ளே சுமார் 1 பார் அதிக அழுத்தம் வச்சா வெறும் தண்ணியே 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. சூடா இருக்கிறப்போ திறந்தா அழுத்தம் போய், கொதிக்கிற தண்ணியும் ஆவியுமா ஒரே நொடியில முகத்துக்கு வரும். அதைத் தாண்டித் திறந்து பச்சத்தண்ணி ஊத்தினா, அலுமினிய ஹெட் விரிசல் விடலாம். பாஸாக ரெண்டு தடவை எழுதின பேப்பர்ல இதெல்லாம் இருந்தது. மணிக்கட்டைப் பிடிக்கத்தான் அதுல ஆள் இல்லை.

அம்மாவையும் சித்தியையும் வேலூர் பஸ்ல ஏத்தி அனுப்பினோம். (செக்கப் நல்லபடியா முடிஞ்சது. பன்னிரண்டு மணிக்குப் பார்த்தாங்களாம்.) நானும் அப்பாவும் பஸ் ஸ்டாப் நிழல்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை பேசலை. அப்புறம் வண்டியை இழுத்துகிட்டு ஆம்பூர் ஷெட்.

மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரை இறக்கினார். பக்கத்து பிளாஸ்டிக் டேங்கைப் பிரிச்சதும் எல்லாருக்கும் புரிஞ்சது. டியூப் வாயிலெல்லாம் வெள்ளையா, தகடு தகடா அடைப்பு. பாதிக்கு மேல டியூப் மூடிக் கிடக்கு. அப்பா ஒரு செதிலை எடுத்து நகத்தால சுரண்டினார். டீக்கடையில இருந்து அரை எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்து மேலே பிழிஞ்சார். புஸ்ஸுன்னு நுரைச்சது.

"பாய்லர் ஸ்கேல்"னார். சுண்ணாம்பு. வருஷக்கணக்கா எங்க வீட்டு போர் தண்ணியைத்தான் ரேடியேட்டர்ல ஊத்தியிருக்கார்.

அப்போதான் அந்த டிசம்பர் கேள்விக்குப் பதில் கிடைச்சது. 2018-ல கொதிச்சது தெர்மோஸ்டாட்டால இல்லை. அப்பவே ரேடியேட்டர் அடைக்க ஆரம்பிச்சிருக்கு. தெர்மோஸ்டாட் பார்த்துக்கிறது கீழ் எல்லையை மட்டும்தான், இஞ்சின் ரொம்பக் குளிராம இருக்க. மேல் எல்லை ரேடியேட்டர் கையில. தெர்மோஸ்டாட்டைக் கழட்டினதால சூடு ஏற நேரமாச்சு, அஞ்சு கிலோமீட்டர் ஓட்டத்துல கொதிக்கிற வரைக்கும் போகவே இல்லை. நோய் அப்படியே இருந்தது, வெளியே தெரியலை. நான் புதுசா ஊத்தின கூலன்ட் உள்ளே ஒட்டியிருந்த செதிலை வேற இளக்கிக் கொண்டு வந்து டியூப்ல அடைச்சிருக்கும்னு அண்ணன் சொன்னார். நாலு பேர், ஏசி, கத்திரி வெயில், 95 ஸ்பீடு எல்லாம் சேர்ந்ததும் உடைஞ்சது. நம்ம பாஷையில சொன்னா, ஒரு பக் இன்னொரு பக்கை மறைச்சு வச்சிருந்தது. நான் முதலாவதை ஃபிக்ஸ் பண்ணிட்டு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. "பாய்லர் பார்த்தவருப்பா நீங்க! போர் தண்ணி ஊத்தலாமான்னு உங்களுக்குத் தெரியாதா?"ன்னு ஷெட்லயே கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் செதிலைக் கையில வச்சுகிட்டே சொன்னார்: "அங்க சாஃப்ட்னர் பிளான்ட் இருந்துச்சு. தினம் காலையில சாம்பிள் எடுத்து சொட்டு விட்டுப் பாப்பேன். ஒயின் கலரு நீலமா மாறணும். கொஞ்சம் ஹார்ட்னெஸ் இருந்தாலும் பாய்லருக்கு விட மாட்டேன். ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா சோப்பு நுரைக்காத தண்ணியில குளிப்பேன். நீயும் அதுலதான் குளிச்சு வளந்த. அது பாய்லர் தண்ணி, இது நம்ம தண்ணி. வண்டி நம்ம வண்டி. வேற தண்ணி ஊத்தணும்னு தோணவே இல்லடா."

இதுக்கு மேல நான் என்ன பேச?

எங்க பக்கத்துத் தண்ணியைப் பத்தித் தெரியாதவங்களுக்காக ஒரு பாரா. பாலாறு வருஷத்துல பெரும்பாலும் மணல்தான். நாங்க நம்பி இருக்கிறது நிலத்தடி நீரை. பாறை நிலம், இயல்பாவே கடினத்தன்மை உண்டு. அதுக்கு மேல டேனரிக் கழிவு. பச்சைத் தோல் கெடாம இருக்க உப்பு போட்டு வைப்பாங்க. ஊற வச்சு அலசுறப்போ அந்த உப்பெல்லாம் தண்ணியில போகும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாவோ முழுசாவோ பாழானதா அந்தத் தீர்ப்புலயே இருக்கு. மாசுபடுத்துறவரே விலை கொடுக்கணும்ங்கிற கொள்கை இந்தியச் சட்டத்துல பலமா கால் ஊன்றின வழக்கு அது. ஊரெல்லாம் சட்டக் கல்லூரியில எங்க ஊரைப் படிக்கிறாங்க. 2025 ஜனவரியிலயும் இதே பாலாறு, இதே டேனரிக் கழிவுக்காக இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நடுவுல 28 வருஷம். இந்தத் தொழில்தான் எங்க வீட்டுக்குச் சோறு போட்டது, என்னை இஞ்சினியரிங் படிக்க வச்சது. அதையும் சொல்லாம விட முடியாது.

இந்தத் தண்ணி ரேடியேட்டருக்குள்ள ரெண்டு வேலை பண்ணும். கடினத்தன்மை சுண்ணாம்பாப் படிஞ்சு சூட்டை வெளியே விடாது. உப்புல இருக்கிற குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியா அரிக்கும். ஆசிட் விட்டுக் கழுவிடலாமான்னு நான் கேட்டதுக்கு அப்பா, "பாய்லர் டியூப் ஸ்டீலு. அதுக்கே பாத்துதான் விடணும். இது அலுமினியம், ஓட்டையாயிடும்"னார். புது ரேடியேட்டர் வாங்கினோம். ஹெட் லேசா வளைஞ்சிருந்தது. ஃபேஸிங் பண்ணி, கேஸ்கட் மாத்தினோம். எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம். நான்தான் கொடுத்தேன், நியாயமும் அதுதான்.

நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டதை நீங்க ஓசியில எடுத்துக்கோங்க:

1. காலையில, இஞ்சின் ஆறிக் கிடக்கிறப்போ மட்டும் மட்டத்தைப் பாருங்க. அடிக்கடி குறைஞ்சா ஊத்திட்டுப் போகாதீங்க, எங்கே போகுதுன்னு தேடுங்க.

2. டிராஃபிக்ல நின்னா சூடு ஏறி, ஓட ஆரம்பிச்சா இறங்கினா, முதல்ல ஃபேனைப் பாருங்க: ஃபியூஸ், ரிலே, மோட்டார். ஹைவேயில ஏறினா ரேடியேட்டர் அடைப்பு, தண்ணிக் குறைவு, வாட்டர் பம்ப்.

3. ரொம்ப நேரம் சூடே ஏறலை, மைலேஜும் குறையுதுன்னா தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்னுடுச்சு, இல்லேன்னா யாரோ புண்ணியவான் கழட்டிட்டார்.

4. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா, சைலன்சர்ல இஞ்சின் சூடானப்புறமும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா, ரேடியேட்டர்ல விடாம குமிழி வந்தா, ஹெட் கேஸ்கட். ஓட்டாதீங்க.

5. மைனஸ் 40-ன்னு வந்தா வயர். கொதிச்ச வண்டியில நம்பர் திடீர்னு இறங்கினா, தண்ணி போயிடுச்சுன்னு எடுத்துக்கிட்டு உடனே நிறுத்துங்க.

6. கலந்தே வர்ற கூலன்ட் வாங்குங்க. இல்லேன்னா டிஸ்டில்டு வாட்டர்ல கலக்குங்க. கலரைப் பார்த்து வாங்காதீங்க, மேனுவல்ல சொன்ன வகையைப் பாருங்க. கிளைகால் கலந்தது இனிப்பா இருக்கும், ஆனா விஷம். குழந்தைங்க, நாய் பூனைகிட்ட இருந்து தள்ளி வைங்க.

7. எல்லாத்துக்கும் முன்னாடி, வண்டியைப் பார்த்துக்கிறவர்கிட்ட பழைய கதையைக் கேளுங்க. "எப்போ கொதிச்சது? என்ன ஊத்தினீங்க?"ன்னு டிசம்பர்லயே நான் அப்பாவைக் கேட்டிருந்தா, அம்மா பஸ்ல போயிருக்க வேண்டாம். நான் வண்டிகிட்ட மட்டும்தான் கேட்டேன்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். காரோட டாஷ்போர்டு டிராயர்ல ஒரு நோட்டு. பாய்லர் லாக் புக் மாதிரியே ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, அப்பா கையெழுத்துல தேதி, கிலோமீட்டர், கூலன்ட் மட்டம் எத்தனை மில்லிமீட்டர், ஃபேன் ஓடிச்சா இல்லையான்னு பத்தி பத்தியா. டிக்கியில அஞ்சு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன். அதுல மார்க்கர்ல "வண்டிக்கு மட்டும்".

"போன்லதான் எல்லாம் தெரியுதேப்பா"ன்னேன்.

"அதுல தண்ணி தெரியாது"ன்னார். திரும்பவும் பல்பு :-)

நோட்டுல கடைசிப் பத்தி "குறிப்பு"ன்னு காலியா இருந்தது. மே மாசம் அந்தத் தேதிக்கு நேரா மட்டும் ஒரு வரி: "பையன் ஓட்டினான். நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினான்."

108-லயே நிறுத்தலைங்கிறதை அவர் எழுதலை. அதான் நான் இங்கே எழுதிட்டேன்.